பங்குனியில் கணக்கு முடிக்கும் பறவைகள்

மார்ச் மாதம் பிறந்தாலே காமர்ஸ் படிக்கிற எங்களுக்கு ஒரே நினைப்புதான். மார்ச் 31! ஆண்டுக் கணக்கை முடிக்கிற நாள். சரக்கு இருப்பு எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கடைக்காரர் முதல் ஆடிட்டர் வரை மண்டையைப் பிய்த்துக்கொள்கிற நேரம். ஏறக்குறைய அதே நேரத்தில் எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இன்னொரு கூட்டமும் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. மழைக்காலத்தில் வந்து தங்கிய வலசைப் பறவைகள்.

இந்தக் கட்டுரை அந்தப் பறவைகளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றை யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்பதைப் பற்றியது. வரலாறு என்றால் ராஜா, போர், கல்வெட்டு மட்டும்தானா என்ன?

வசந்தம் என்றால் வருகையா?

இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய பறவைப் புத்தகங்களைப் படித்தால் வசந்த காலம் என்றாலே பறவைகள் வருகிற காலம். குளிர் போய், மரம் துளிர்த்து, தெற்கே போன பறவைகள் கூடு கட்டத் திரும்பி வரும். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊருக்கு அப்படியே தலைகீழ். அவர்களுக்கு வருகை என்றால் நமக்கு வழியனுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு வந்தவை, மாசி, பங்குனியில் வயிறு நிறையத் தின்று கொழுப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடும். நம் கணக்கில் இளவேனில் பிறப்பது சித்திரையில். அதற்குள் பாதிப் பேர் ஊரைக் காலி செய்திருப்பார்கள்.

இதை முதலில் கவனித்தது வெள்ளைக்காரர்கள் என்று நினைத்தால் தப்பு. சத்திமுத்தப் புலவர் என்று ஒருவர். மதுரையில் குளிரில் வாடிக்கொண்டிருந்தவர், மேலே பறந்த செங்கால் நாரையிடம் ஊரில் இருக்கும் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த பாட்டுதான். அதில் அந்த நாரை எந்தத் திசையில் போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தெற்கே குமரியில் இருந்துவிட்டு வடக்கே போகிறது. ஐரோப்பாவிலோ, பறவைகள் குளிர்காலத்தில் குளத்துச் சேற்றுக்குள் தூங்குகின்றன என்று படித்தவர்களே வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1822ல் ஜெர்மனியில் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்தியபடி ஒரு வெண்நாரை பிடிபட்டது. 'ஓஹோ, இது அவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறதா' என்பதற்கு அது கண்கூடான சாட்சி ஆனது. நம் புலவருக்கு ஈட்டி எதுவும் தேவைப்படவில்லை :-)

ஏன் இந்த இடம்?

ராமநாதபுரம் என்றால் வறட்சி மாவட்டம், தண்ணியில்லாக் காடு என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஆனால் மழை முடிந்ததும் வந்து பாருங்கள். கண்மாய்கள் நிறைந்து கிடக்கும். வைகை ஆறு ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணையில் கலக்கும். (ஊர் பெயரே ஆற்றங்கரை!) அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம். ரோமாபுரி வரை வியாபாரம் நடந்த பழைய துறைமுகம். தொல்லியல் துறை 1986ல் தொடங்கிப் பல முறை தோண்டியதில் ரோமானியக் காசுகளும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற சேற்றில் புழு, நத்தை, இறால் குஞ்சு எல்லாம் ஏராளம். கப்பல்காரர்களுக்கு முன்னாலேயே பறவைகள் அந்தத் துறைமுகத்தைக் கண்டுபிடித்திருக்கும் என்பது என் ஊகம்.

ராமேஸ்வரம் தீவில் கோதண்டராமர் கோயில் பக்கம் இன்னொரு வகை. ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு. முழங்கால் அளவு தண்ணீர், கீழே சேறு. இங்கேதான் பூநாரைகள் வருகின்றன. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, வளைந்த அலகால் சல்லடை மாதிரி சலித்துத் தின்னும். அந்த இரையில் உள்ள நிறமிதான் சிறகின் சிவப்புக்குக் காரணம்.

ஒரு முறை மாசி மாதம் நண்பர்களோடு போயிருந்தேன். ஆட்டோக்கார அண்ணன் பெருமையோடு சொன்னார், "ஆஸ்திரேலியாவுல இருந்து வருது தம்பி." பூநாரை என்றாலே ஆஸ்திரேலியா என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மை என்னவென்றால், ஆஸ்திரேலியாவில் இன்று காட்டுப் பூநாரையே கிடையாது. நம் நாட்டிலேயே குஜராத்தின் கட்ச் பெரிய ரண் பகுதியில் அவை கூடு கட்டுகின்றன. 1945ல் சலீம் அலி அங்கே போய்ப் பார்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுகள் என்று கணக்கிட்டார். நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் அந்தப் பக்கத்து உருப்படிகளாக இருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. வெளிநாட்டு விருந்தாளி என்று சொன்னால்தான் நமக்கு மரியாதை வருகிறது போல!

எல்லோரும் தண்ணீருக்குள்ளே பார்த்தார்கள்

சரி, வரலாற்றுக்கு வருவோம். மன்னார் வளைகுடா பற்றிப் பழைய காலத்திலிருந்தே ஏராளமான எழுத்துக் கணக்கு உண்டு. ஆனால் எல்லாம் முத்து, சங்கு பற்றி. பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், கடைசியில் ஆங்கிலேயர் என்று யார் வந்தாலும் முத்துச் சிலாபத்தில் எத்தனை படகு, எத்தனை சிப்பி, எவ்வளவு வரி என்று எழுதி வைத்தார்கள். சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போனது. அதற்கும் கணக்கு உண்டு.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1880களில் ராமேஸ்வரம் வந்தார். முத்து, சங்கு மீன்பிடிப்பு பற்றியும் கடல் உயிரினங்கள் பற்றியும் எழுதினார். பவளம், பஞ்சுயிரி, நண்டு எல்லாம் உண்டு. 1927ல் குருசடைத் தீவின் கடல் உயிரினங்களைப் பற்றி அதே அருங்காட்சியகம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 1947ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது, அது பல காலம் மண்டபத்தில் இருந்தே இயங்கியது. உலகம் முழுக்க இருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். வந்தவர்களில் அநேகமாக எல்லோரும் குனிந்து தண்ணீருக்குள்ளே பார்த்தார்கள். நிமிர்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

காரணம் எங்கள் பாடத்தில் முதல் வருடமே வந்துவிடும். பணத்தால் மதிப்பிட முடியாத எதுவும் பேரேட்டில் ஏறாது. முத்துக்கு விலை உண்டு. உள்ளானுக்கு என்ன விலை?

பேரேட்டுக்கு வெளியே ஒருவர்

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். புயலையும் உப்புக்காற்றையும் தாங்க வேண்டிய பாலம் என்பதால் ரயில்வே ஆட்கள் அடிக்கடி வந்துபோக வேண்டியிருந்தது.

அப்படி ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களில் ஒருவர் சி. எச். பிடல்ப். வேலை ரயில்வே, ஆசை பறவை. ராமேஸ்வரம் தீவின் பறவைகளைப் பட்டியலிட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1938ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் தீவின் பறவைகளுக்கென்றே எழுதப்பட்ட பழைய கட்டுரைகளில் முக்கியமானது அது. யாரும் அவரை எண்ணச் சொல்லவில்லை. சம்பளமும் அதற்கு இல்லை. ஆனாலும் எண்ணினார். அதனால்தான் இன்றைக்கு 'அப்போது இருந்தது, இப்போது இல்லை' என்று ஒப்பிட நம்மிடம் ஏதோ ஒரு தொடக்க இருப்பு இருக்கிறது.

அவர் பார்த்த தனுஷ்கோடி இப்போது இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் போனது. ரயில் நிலையம், தேவாலயம், தபால் ஆபீஸ் எல்லாம் இடிபாடு. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு அங்கே வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். அவர்களையும் பறவைகளையும் தவிர வேறு யாரும் பெரிதாகப் போகாத மணல் முனையாக அது அரை நூற்றாண்டு கிடந்தது.

காலில் வளையம்

பறவை எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1899ல் டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் மைனா இனப் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். ரூபாய் நோட்டின் வரிசை எண் மாதிரிதான். எங்கே யார் கையில் கிடைத்தாலும் ஊர் தெரிந்துவிடும்.

இந்தியாவில் 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதைப் பெரிய அளவில் ஆரம்பித்தது. பறவைகள் வழியாக நோய்க் கிருமி வருகிறதா என்பதே அப்போதைய கவலை. பிற்பாடு கோடியக்கரை இதற்கு முக்கியமான மையமானது. அங்கிருந்து தெற்கே மண்டபம் வரை வேலை நீண்டது. 1980களில் எஸ். பாலச்சந்திரன் மண்டபத்திலும் அதையொட்டிய தீவுகளிலும் கரையோரப் பறவைகளை ஆராய்ந்து, 1990ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். பின்னாளில் அவர் அந்தக் கழகத்தின் துணை இயக்குநர் ஆனார்.

அவருடைய ஆய்வுகளில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எல்லாப் பறவையும் பங்குனியில் கிளம்பிவிடுவதில்லை! கொஞ்சம் பேர் கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடுகிறார்கள். பொதுவாகப் பார்த்தால் இப்படித் தங்குபவை முதல் வருட இளசுகள். இந்த வருடம் கூடு கட்டப் போவதில்லை என்றால் பல்லாயிரம் கிலோமீட்டர் பறப்பானேன்? அரியர் வைத்தவன் ஹாஸ்டலிலேயே லீவைக் கழிக்கிற மாதிரி.

எங்கும் போகாத பறவை

இப்போது கதையின் முக்கியமான ஆளுக்கு வருவோம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பறவை. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு. நாலு அடி ஓடும், டக்கென்று நிற்கும், மறுபடி ஓடும். உப்புக்கொத்தி.

ஹென்றி சீபோம் என்று இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்தில் ஓர் இரும்பாலை முதலாளி இருந்தார். (வியாபாரிதான், நம்ம ஆள்!) உப்புக்கொத்திகள் மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. 1875ல் இன்னொரு நண்பரோடு ரஷ்யாவின் வடகோடிக்கு, பெச்சோரா ஆற்றுக்குப் போனார். அங்கே பனி உருகிய வெளியில் சாம்பல் உப்புக்கொத்தி, கொசு உள்ளான் ஆகியவற்றின் கூடுகளைக் கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டும் நம் மண்டபம் கரையில் மழைக்காலம் தோறும் பார்க்கக் கிடைப்பவை! நம் பறவைகள் பங்குனியில் விலாசம் சொல்லாமல் போகிற அந்த வீட்டுக் கதவைத் தட்டியவர் அவர்.

1915ல் ஹார்ட்டர்ட், ஆனி ஜாக்சன் என்ற இரண்டு பறவையியலாளர்கள் இலங்கையில் வாழும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை 'ஐபிஸ்' என்ற ஆய்விதழில் விவரித்து, காலமாகிவிட்ட சீபோமின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். சைபீரியா வரை பறவைகளைத் துரத்திப் போன மனிதரின் பெயர், தன் கரையை விட்டு எங்கும் போகாத பறவைக்கு! ஆனால் அதைத் தனி இனமாக உலகம் மதிக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் உள்ளூர்ப் பிரிவு என்று அதன் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். மழைக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கென்டிஷும் இங்கேயே பிறந்து வளர்ந்ததும் ஒரே மணலில் ஓடும்போது யார் பிரித்துப் பார்ப்பது?

2023ல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன உள்ளிட்ட பன்னாட்டுக் குழு, உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு இது வேறு இனம்தான் என்று நிறுவியது. அதே 'ஐபிஸ்' இதழில், 108 வருடம் கழித்து! தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், அதாவது சேதுவின் இரண்டு பக்கத்திலும் வாழ்கிற பறவை என்பதால் பொதுப் பெயராக அனுமனின் பெயரை வைத்தார்கள். அனுமன் உப்புக்கொத்தி.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. தனுஷ்கோடி பக்கம் ஒரு சித்திரை வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு சின்னக் குருவி சிறகு ஒடிந்தது போல் தரையில் இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடியது. பாவம் என்று பின்னாலேயே போனேன். வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போட்டார்.

"தம்பி, அங்கிட்டு மிதிக்காத! முட்டை வச்சிருக்கு. நடிக்குது அது."

திரும்பி உற்றுப் பார்த்தேன். கூடு என்று ஒன்றும் இல்லை. வெறும் மணலில் ஒரு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள். இன்னும் ரெண்டு எட்டு வைத்திருந்தால் காலுக்கடியில் போயிருக்கும்.

"இதெல்லாம் ரஷ்யாவுக்குப் போற குருவியா தாத்தா?" என்று என் பொது அறிவைக் காட்டினேன்.

"அது எங்க போகும்? அதெல்லாம் மழையோட வந்து பங்குனியில போறது. இது வேற. இது இங்கனயே கிடக்கிறது."

மரபணு பார்க்காமல், ஆய்விதழ் படிக்காமல் அவர் சொன்ன கணக்கு அது. அன்றைக்கு நான் அதைக் குறித்துக்கூட வைக்கவில்லை.

இப்போது என்ன நிலைமை?

2017ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் மணலில் வேன் போட்டுக் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டிய இடத்துக்கு இப்போது காரில் நேராகப் போகலாம். கூட்டம் எப்போது வரும்? பள்ளிக்கூட லீவில். சித்திரை, வைகாசியில். வலசைப் பறவைகள் போய்விட்ட காலம், ஆகவே யாருக்கும் தொந்தரவு இல்லை என்று தோன்றும். ஆனால் அப்போதுதான் ஊரிலேயே இருக்கும் பறவைகள் மணலில் முட்டை வைக்கின்றன. உப்புக்கொத்தி மட்டுமில்லை, சேதுவின் மணல் திட்டுகளில் ஆலாக்களும் கோடையில் கூடு வைப்பதைச் சமீபத்திய கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன.

நல்ல செய்தியும் உண்டு. 2023-24ல் நடந்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தனுஷ்கோடிப் பகுதியில் 128 வகைகளில் 10,700க்கும் மேற்பட்ட பறவைகள் பதிவாயின. 2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று தமிழக அரசு தனுஷ்கோடியில் சுமார் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மாவட்டத்துக்குள்ளே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் என்று கண்மாய்ச் சரணாலயங்கள் முன்பே உண்டு. அந்த நான்கும் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டன. வறட்சி மாவட்டத்துக்கு இது சின்னப் பெருமை இல்லை.

ஆனால் சரணாலயத்தின் பெயரையும் கவனியுங்கள். பூநாரை. உயரம், அழகு, சிவப்பு, போட்டோவுக்கு ஏற்றது. அதன் பெயரால் மற்றவையும் பிழைத்தால் சந்தோஷம்தான். என் பயம் வேறு. பூநாரை போனதும் 'சீசன் முடிந்தது' என்று நாமும் கண்ணை மூடிக்கொள்வோமோ என்பதுதான். அதே போல, காவல், வேலி, அனுமதிச் சீட்டு என்று வரும்போது, எந்தக் குழியில் முட்டை இருக்கிறது என்று தெரிந்த அந்தப் பெரியவரைப் போன்றவர்களை வெளியாள் ஆக்கிவிடக் கூடாது. ஊரையே கடல் கொண்டுபோன பிறகும் அந்த மணலை விட்டுப் போகாதவர்கள் அவர்கள். எல்லோரும் கைவிட்ட இடத்தில் பறவைகளோடு பறவையாக இருந்தவர்களை, பறவைகளின் பெயரைச் சொல்லியே அப்புறப்படுத்தினால் அதைவிட அநியாயம் கிடையாது.

கணக்குப் பாடத்தில் எனக்குப் பிடித்த சொல் 'இறுதி இருப்பு'. வந்தது, போனது எல்லாம் கழித்துக் கடைசியில் கையில் மிஞ்சுவது. நாம் நூறு வருடமாக வந்ததையும் போனதையுமே எழுதிக்கொண்டிருந்தோம். மிஞ்சி நிற்பதை இப்போதுதான் எண்ண ஆரம்பித்திருக்கிறோம்.

ஆகவே நண்பர்களே, இந்தக் கோடை லீவில் தனுஷ்கோடி போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று போட்டோ எடுங்கள். மணலில் இறங்கினால் மட்டும் கொஞ்சம் கீழே பார்த்து நடங்கள். முன்னால் ஒரு சின்னக் குருவி நொண்டிக்கொண்டு ஓடினால் பின்னால் போகாதீர்கள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அது நடிக்கிறது.